மூன்றாவது தடவை யார் கேட்பது?

அத்தியாயம் 6

"இந்த மினசோட்டா மாநிலத்துலயே மனசுல இருக்கறதை அப்படியே வாயால சொல்ற ஆம்பளை ஒருத்தன்தான் இருக்கான். அது நான்."

ஆர்விட் ஹௌகன் இதைச் சொன்னபோது அவர் முகத்தில் விளையாட்டு துளியும் இல்லை. கல்வெட்டில் பொறிக்க ஆள் வந்து நிற்பதுபோல் ஒவ்வொரு சொல்லுக்கும் இடம் விட்டுச் சொன்னார். க்ளோவர் லேக் என்ற அந்தச் சிற்றூரின் ஒரே துப்பறியும் நிலையம், தூண்டில் புழு விற்கும் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே புழு, மேலே ஆர்விட். இரண்டும் மீன் பிடிக்கத்தான் என்று உதவியாளன் ரூடி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"மாநிலம் பூரா விசாரிச்சுட்டுச் சொல்றீங்களா பாஸ், இல்ல மாடிப்படி வரைக்குந்தானா?" என்றான் ரூடி.

"சிரிக்காதடா. இந்த ஊர்ல கால் ஒடிஞ்சவனைப் போய் எப்படியிருக்கேன்னு கேளு. 'ரொம்ப மோசமில்ல'ம்பான். கூரை பறந்துபோனவனைக் கேளு. 'காத்து நல்லா வருது'ம்பான். இன்சூரன்ஸ் கம்பெனியில இருந்தப்போ ஆலங்கட்டி மழைச் சேதம் பாக்கப் போவேன். தலையில கட்டுப் போட்டுக்கிட்டு வாசல்ல நின்னு, 'எங்களைவிடக் கஷ்டப்பட்டவங்களை முதல்ல பாருங்க'ம்பாங்க. அப்பவே முடிவு பண்ணிட்டேன், நான் இப்படி இருக்கக்கூடாதுன்னு. இருந்ததும் இல்ல."

மாடிப்படியில் காலடி கேட்டது. உயர்நிலைப் பள்ளி ஆங்கில ஆசிரியை லொரெய்ன் வாசலில் வந்து நின்றார். சனிக்கிழமை காலை. கோட்டுப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார்.

"தொந்தரவுன்னா அப்புறம் வர்றேன். அவசரம் ஒண்ணுமில்ல."

அந்த ஊரில் ஒருவர் 'அவசரமில்லை' என்று சொல்லிக்கொண்டே மாடியேறி வந்தால் நிலைமை கைமீறிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ரூடி நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"காபி?" என்றார் ஆர்விட்.

"ஐயோ, வேண்டாங்க. உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

"சரி. விஷயத்தைச் சொல்லுங்க."

டீச்சரின் கண்கள் காபிக் கூஜாவின் மேல் போய் உட்கார்ந்து எழுந்தன. ரூடிக்குப் பாவமாக இருந்தது.

"கொஞ்சமா ஊத்தட்டுமா டீச்சர்?"

"இல்லப்பா, பரவாயில்ல."

"போட்டது அப்படியே இருக்கு டீச்சர். கீழ கொட்டத்தான் போறோம்."

"கொட்டப் போறியா? அப்போ ஒரு அரை கப் குடு."

ரூடி முழுக் கப் கொடுத்தான். டீச்சர் அதை ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

"பாத்தியா?" ஆர்விட் வெற்றிக் களிப்போடு விரலை நீட்டினார். "தொண்டை வறண்டு வந்திருக்காங்க. ஆனா மூணு தடவை கெஞ்சணும். இது என்ன மனுஷ ஜாதியா, இல்ல முடுக்கி விடற பழைய லாரியா? என்கிட்ட ஒரு தடவை கேட்டாப் போதும். ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல."

"உங்களை யாரும் ஒரு தடவைகூடக் கேக்கறதில்லையே பாஸ்."

டீச்சர் கப்பைக் கீழே வைத்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். யாரையும் குற்றம் சொல்லவில்லை என்று ஆரம்பித்தார். நடுவிலும் அதையே சொன்னார். முடிக்கும்போதும் அதையே சொன்னார். அவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சியது இவ்வளவுதான்.

பள்ளிப் படிப்பை முடிக்கும் பிள்ளைகளில் ஒருவருக்கு ஒவ்வொரு வசந்தத்திலும் 'அக்கம்பக்கத்தார் உதவித்தொகை' கிடைக்கும். மேற்படிப்புச் செலவு மொத்தமும் அதில் அடங்கும். ஊரே பான்கேக் சுட்டு விற்று, மதுக்கடையில் இறைச்சியைப் பரிசாக வைத்துக் குலுக்கல் நடத்தி, ஒருவர் சுட்ட ஆப்பிள் கேக்கை இன்னொருவர் ஏலத்தில் எடுத்துச் சேர்த்த நிதி. அந்த நிதிக்காக ரூடி இதுவரை தின்ற பான்கேக்குகளை அடுக்கினால் தண்ணீர்த் தொட்டிக்கு ஏறிவிடலாம். இந்த வருடம் அது மாரென் துவீட்டுக்குத்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமே இருக்கவில்லை. வகுப்பில் முதல். அப்பா இல்லை. அம்மாவுக்கு வான்கோழி ஆலையில் வேலை. நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் சேர்கிறேன் என்று சொல்லவேண்டும். இல்லையென்றால் ஆலையில் அவள் காலளவுக்கு ரப்பர் பூட்ஸ் எடுத்துவைத்திருக்கிறார்கள்.

"இன்னிக்குச் சாயங்காலம் பரிசளிப்பு. நேத்து நிகழ்ச்சிநிரல் அச்சாகி வந்துச்சு. அதுல கோல்ட்டன் ப்ரெக்கின்னு போட்டிருக்கு" என்றார் டீச்சர்.

"கார் வியாபாரி ப்ரெக்கி மவனா?" ரூடி விசிலடித்தான். "அவன் சைக்கிளுக்கே டிரைவர் வெச்சிருப்பானே!"

"நல்ல பையன்தான்" என்றார் டீச்சர் அவசரமாக. பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "உதவித்தொகைக் கமிட்டிக்குப் புதுத் தலைவர் வந்திருக்காரு. பேங்க் மேனேஜர் டெலூக்கா. நியூ ஜெர்ஸிக்காரர். குளிர்காலத்துலதான் ஊருக்கு வந்தாரு. போன வாரம் ப்ரெக்கிகிட்ட புது பிக்கப் வண்டி வாங்கியிருக்காரு. நான் ஒண்ணும் சொல்லல. சிவப்பு கலர்னு மட்டும் சொல்றேன்."

ஆர்விட் எழுந்து தொப்பியை எடுத்தார். "லஞ்சம்."

"அந்த வார்த்தையை நான் சொல்லல."

"அதுக்குத்தானே டீச்சர் நான் இருக்கேன்."

*

மாரெனின் வீடு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். அம்மாதான் கதவைத் திறந்தாள். ஆலை உடுப்பைக்கூட மாற்றவில்லை. மாரென் ஐஸ்கிரீம் கடையில் வேலைக்குப் போயிருந்தாள்.

சமையலறையில் நிற்க இடமில்லை. மேசை, அடுப்பு, ஜன்னல் விளிம்பு எங்கும் கண்ணாடிப் பாத்திரங்கள். எல்லாவற்றிலும் ஹாட்டிஷ். கொத்துக்கறியைச் சூப்பில் குழைத்து, மேலே உருளைக்கிழங்கு உருண்டைகளை வரிசையாக அடுக்கிச் சுட்டது. அந்த ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால்தான் இத்தனை ஹாட்டிஷ் சேரும்.

"யாரும்மா தவறிட்டாங்க?" ரூடி குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"அதான் தம்பி எனக்கும் புரியல. நேத்துலேருந்து கொண்டுவந்து வெச்சுட்டு, என் கையைப் பிடிச்சு அழுத்திட்டு, ஒண்ணும் பேசாம போறாங்க. நாங்க நல்லாத்தான் இருக்கோம்னு சொன்னா, கண்ணைத் துடைச்சுக்கறாங்க."

ஆர்விட் ஒரு பாத்திரத்தைத் தூக்கி அடியைப் பார்த்தார். காகித டேப் ஒட்டி அதில் பெயர் எழுதியிருந்தது. காலிப் பாத்திரம் சொந்தக்காரரிடம் திரும்பிப் போகவேண்டுமே, அதற்காக. அடுத்ததைத் தூக்கினார். அதற்கடுத்ததையும். ரூடி சூடான ஒன்றைத் தூக்கி, கையை உதறிக்கொண்டு வைத்தான்.

"எல்லாம் கமிட்டி ஆளுங்க பேரு, பாஸ். தலைவரைத் தவிர மத்த எல்லாரும் இங்கதான் சுடச்சுட இருக்காங்க. குற்றவாளிங்களே வந்து வரிசையில நின்ன மாதிரி."

"யோசிடா. காசு வாங்கிட்டு ஒரு பொண்ணோட படிப்பைக் கெடுத்தவன் அவ வீட்டு வாசலுக்கு வருவானா? வந்தாலும் பேரு ஒட்டின பாத்திரத்துல கொண்டுவருவானா? பாத்திரம் வாங்க மறுபடியும் வந்து அவ மூஞ்சியில முழிக்கணுமே. திருடன் கொண்டுவந்தா கடையில விக்கிற அலுமினியத் தட்டுல கொண்டுவருவான். தூக்கிப் போட்டுடலாம்."

"அப்போ இவங்க திருடங்க இல்ல."

"இல்ல. இவங்க மாரெனை நினைச்சு உருகறாங்க. எதுக்குன்னுதான் தெரியல."

மாரெனின் அம்மா ஒரு கரண்டியோடு வந்தாள். "ரெண்டு பேரும் சாப்பிட்டுப் போங்களேன்."

"சாப்பிடறேன்" என்றார் ஆர்விட் உடனே, ரூடியைப் பெருமையாகப் பார்த்தபடி. ரூடி இரண்டு தடவை மறுத்துவிட்டுப் பெரிய தட்டாக வாங்கிக்கொண்டான்.

*

ப்ரெக்கி தன் கார்களுக்கு நடுவே, பலூன்களுக்குக் கீழே, துக்கம் விசாரிக்க வந்தவரைப் போல நின்றிருந்தார். ஆர்விட்டும் அவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"நேரா கேக்கறேன்டா. அந்த பேங்க்காரனுக்கு பிக்கப்பை என்ன விலைக்குக் குடுத்தே?"

ப்ரெக்கி சுற்றுமுற்றும் பார்த்தார். முகம் கறுத்தது. அலுவலக அறைக்குள் இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினார்.

"வெளியில சொல்லிடாதடா ஆர்விட். தூக்கமே வரல."

ரூடி ஆர்விட்டின் விலாவில் முழங்கையால் இடித்தான். மாட்டிக்கொண்டார் மனுஷன்.

"கண்ணாடியில ஒட்டியிருந்த விலையைச் சொன்னேன். வழக்கமா அதுலேருந்துதானே ஆரம்பிப்போம்? அவன் டயரை உதைப்பான், பெருமூச்சு விடுவான், பொண்டாட்டியைக் கேக்கணும்பான், வெளிய போவான், திரும்பி வருவான், அப்புறம் நான் குறைப்பேன். அந்தாளு 'சரி'ன்னுட்டு பேனாவை எடுத்துட்டான்டா! குறைக்கலாம்னு நான் வாயைத் திறக்கறதுக்குள்ள கையெழுத்துப் போட்டுச் சாவியை எடுத்துட்டுப் போயிட்டான். முழு விலை! எங்கப்பா காலத்துலேருந்து இந்தக் கடையில ஒருத்தனும் முழு விலை குடுத்ததில்ல. நான் கொள்ளைக்காரனாயிட்டேன்."

ரூடி முழங்கையைத் திரும்ப எடுத்துக்கொண்டான். லஞ்சம் கொடுக்கப்பட்டிருந்தால், அது தப்புத் திசையில் போயிருந்தது.

"உதவித்தொகை?" என்றார் ஆர்விட்.

"அது அதைவிடக் கொடுமை. போன் பண்ணி, 'கோல்ட்டனுக்குக் குடுக்கலாம்னு இருக்கோம், சம்மதமா?'ன்னான். நான், 'அது பெரிய விஷயமாச்சே'ன்னேன்."

"ஐயையோ" என்றான் ரூடி. அந்த ஊரில் அதைவிடக் கண்டிப்பான மறுப்பை அவன் கேட்டதில்லை.

"'ரொம்ப சந்தோஷம்'னு போனை வெச்சுட்டான். இப்ப அச்சுல வந்துடுச்சு. நானே போய் வேணாம்னா, ஊரே பான்கேக் சுட்டுச் சேத்ததை ப்ரெக்கி ஊர் மூஞ்சியிலயே விட்டெறிஞ்சுட்டான்னு ஆயிடாதா? பையனும் வெளியில தலைகாட்ட மாட்டேங்கறான். யாராவது சபையில எழுந்து இது மாரெனுக்குப் போகவேண்டியதுன்னு சொல்லட்டும், முதல்ல எழுந்து நிக்கறவன் நான். ஆனா யாருடா சொல்லப்போறா?"

*

டெலூக்கா தன் வீட்டுக் கதவைத் திறந்த வேகத்தில் காற்றே அடித்தது. பெரிய உடம்பு, பெரிய குரல்.

"வாங்க, உள்ள வாங்க, உட்காருங்க! காபி குடிக்கறீங்களா?"

"எனக்கு வேணும். பால் போட்டு" என்றார் ஆர்விட்.

"அய்யோ, எனக்கு வேணாம் சார், இருக்கட்டும்" என்றான் ரூடி. ஹாட்டிஷ் உப்பில் அவன் நாக்கு வறண்டுபோயிருந்தது.

"சரி" என்றார் டெலூக்கா. ஆர்விட்டுக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று ஊற்றிக்கொண்டு, கூஜாவை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்தார். "மனுஷன்னா உங்களை மாதிரி இருக்கணும் சார். வேணும்னா வேணும். இந்த ஊர்ல முதல் தடவையா ஒருத்தர் பேசறது எனக்குப் புரியுது."

"என்கிட்ட எல்லாமே ஒரு தடவைதான். ரெண்டாவது தடவை கேக்கற வேலையே வெச்சுக்காதீங்க" என்றார் ஆர்விட், கப்பை உயர்த்தி.

"ரொம்ப நல்லது. ஞாபகம் வெச்சுக்கறேன்."

ரூடி எச்சிலை விழுங்கினான். அவன் பார்வை கூஜாவுக்குப் போய், டெலூக்காவின் முகத்துக்கு வந்து, மறுபடி கூஜாவுக்குப் போனது. ஆர்விட் ஒரு வாய் குடித்தார். இரண்டாவது வாய்க்குக் கப்பைத் தூக்கியவர் பாதியில் நிறுத்தி, ரூடியின் பார்வை போன வழியே தானும் போய்வந்தார். அவர் புருவம் மெதுவாக மேலேறியது.

"டெலூக்கா சார். இவனுக்கு ஏன் நீங்க காபி குடுக்கல?"

"அவர்தான் வேணாம்னாரே."

"எத்தனை தடவை சொன்னான்?"

"ஒரு தடவை. ஏன், எத்தனை தடவை சொல்லணும்?"

ஆர்விட் கப்பைக் கீழே வைத்தார்.

"மாரென் எத்தனை தடவை சொன்னா?"

டெலூக்காவின் முகம் கனிந்தது. "அந்தப் பொண்ணா! அவளை மாதிரி ஒரு ஜீவனை நான் பாத்ததில்ல சார். மளிகைக் கடையில, ரொட்டி அடுக்குக்குப் பக்கத்துல பாத்தேன். 'கமிட்டி உன்னைத்தான் தேர்ந்தெடுத்திருக்கு, வாங்கிக்கறியா?'ன்னு கேட்டேன். 'ஐயோ, எனக்கு வேணாம் சார், என்னைவிடத் தேவைப்படறவங்க இருப்பாங்க'ன்னு சொன்னா. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. அவ குடும்பம் இருக்கற நிலைமையில இப்படி ஒரு மனசா! கமிட்டியில போய்ச் சொன்னேன். எல்லாரும் அழுதுட்டாங்க. மார்க்குல அடுத்த இடம் கோல்ட்டனுக்கு, அதனால அவனுக்குப் போச்சு."



ஹாட்டிஷ்களின் மர்மம் விடுபட்டது. திருட்டு இல்லை, லஞ்சம் இல்லை. ஒரு பெண் ரொட்டி அடுக்குக்குப் பக்கத்தில் நின்று, அவள் அம்மா வளர்த்த முறைப்படி, முதல் தடவை மறுத்திருக்கிறாள். அவ்வளவுதான்.

"கமிட்டியில ஒருத்தர்கூட உங்களைக் கேக்கலையா? அவளை எத்தனை தடவை கேட்டீங்கன்னு?" என்றார் ஆர்விட்.

"இல்லையே. ஏன் கேக்கணும்?"

ஏன் கேட்கவில்லை என்பது ரூடிக்குத் தெரியும். மூன்று தடவை கேட்டீர்களா என்று ஒரு மனிதரைக் கேட்பது, இன்று பல் தேய்த்தீர்களா என்று கேட்பதுபோல. யாரும் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். மாரெனும் வாயைத் திறந்திருக்க மாட்டாள். தனக்குக் கொடுக்க வந்தார்கள் என்று வெளியில் சொன்னால் பீற்றிக்கொண்டது ஆகிவிடும். அம்மாவிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டாள். இரண்டாவது தடவை கேட்பார் என்று காத்துக்கொண்டிருந்திருப்பாள். இன்னமும் காத்துக்கொண்டிருப்பாள்.

ஆர்விட் விளக்கினார். டெலூக்கா முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். பிறகு எழுந்து நின்றார்.

"கடவுளே. அப்போ அந்தப் பொண்ணுக்கு அது வேணும்!"

"உயிரே அதுலதான் இருக்கு."

"இவ்வளவுதானே? இதோ!" அவர் மாரெனின் எண்ணைப் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி போனை மேசையில் வைத்தார். முதல் மணிக்கே எடுத்தாள்.

"மாரென், நான் டெலூக்கா. ஒரே கேள்வி. அந்த உதவித்தொகை உனக்கு வேணுமா?"

மறுமுனையில் ஐஸ்கிரீம் எந்திரம் உறுமியது. ரூடி கைகளைக் கூப்பிக்கொண்டான்.

"ஐயோ சார்... கோல்ட்டன் பேரு அச்சாயிடுச்சே. இப்பப் போய் நான் எப்படி... வேணாம் சார். பரவாயில்ல."

"கேளுங்க!" ஆர்விட் உதடுகளை மட்டும் அசைத்துக் கூவினார். மூன்று விரல்களைக் காட்டினார். "இன்னும் ஒண்ணே ஒண்ணு! மூணாவது!"

டெலூக்காவின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. "சரிம்மா. வெச்சுடறேன்" என்று போனை அணைத்தார்.

"என்னய்யா பண்ணிட்டீங்க!"

"சார், என்னை மன்னிச்சுடுங்க. எங்க ஊர்ல ஒரு பதினெட்டு வயசுப் பொண்ணு ரெண்டு தடவை வேணாம்னு சொன்னப்புறம், அம்பது வயசு பேங்க் மேனேஜர் மூணாவது தடவை போன் பண்ணிக் கேட்டா, அதுக்குப் பேரு வேற. போலீஸ் வரும். என் கை வரல."

அவர் அறைக்குள் இரண்டு நடை நடந்தார். சோபாவை ஒரு குத்து விட்டார்.

"இங்க பாருங்க. எனக்கு இந்த ஊர் பாஷை தெரியாது. நான் எதைத் தொட்டாலும் தப்பாப் போகுது. நீங்க பேசுங்க. உங்களுக்கு ரெண்டும் தெரியும். கமிட்டி முன்வரிசையிலதான் இருக்கும். கோல்ட்டன் பேரைச் சொல்றதுக்கு முன்னாடி உங்களை மேடைக்குக் கூப்பிடறேன். நடந்ததை அப்படியே சொல்லுங்க. அவங்க தலையாட்டினா அங்கயே பேரை மாத்திடறேன்."

"இது ஒரு விஷயமா?" என்றார் ஆர்விட். "பேசறதுக்குன்னே பொறந்தவன் நான்."

*

போகிற வழியில் ஐஸ்கிரீம் கடையில் நிறுத்தினார்கள். மாரென் ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருந்தாள். போன் கல்லாப்பெட்டியின் மேல், திரை மேலே தெரியும்படி இருந்தது.

"நீயே கூப்பிட்டு வேணும்னு ஒரு வார்த்தை சொல்லிடேன்மா" என்றார் ஆர்விட்.

அவள் காது மடல்கள் சிவந்தன. "எனக்குக் குடுங்கன்னு நானே எப்படி சார் கேக்கறது? அம்மா அப்புறம் எப்படி சர்ச்சுக்குப் போவாங்க?" மேசை துடைக்கும் துணியை நான்காக மடித்தாள். "அவரு பாவம், நல்லவரு. அவசரமா வெச்சுட்டாரு. இன்னொரு தடவை கூப்பிடுவாருன்னு நினைச்சேன். ஆலையில பூட்ஸ் எடுத்து வெச்சுட்டாங்க. அதுவும் மோசமில்ல. புதுசுதான்."

"பூட்ஸெல்லாம் வேணாம். சாயங்காலம் நான் பாத்துக்கறேன்."

"உங்களுக்கு எதுக்கு சார் சிரமம்" என்றாள் மாரென். ஆனால் அவள் கண்கள் வேறு ஏதோ சொன்னதை ரூடி பார்த்தான். அன்று முழுவதும் அந்த ஊரில் அவன் பார்த்த ஒரே வெளிப்படையான விஷயம் அதுதான்.

*

பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் ஊர் முழுவதும் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தது. கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே மேடை. பின்னால் நீள மேசையில் இனிப்புத் துண்டுகள், காபி. முன்வரிசையில் கமிட்டி, ஆளுக்கொரு கைக்குட்டையோடு. அவர்களுக்குப் பின்னால் ப்ரெக்கி, சட்டைக் கழுத்து இறுக்கிப் பிடிக்க. அடுத்து கோல்ட்டன், காணாமல்போக முயன்றுகொண்டிருந்தான். மாரெனும் அம்மாவும் கதவுக்குப் பக்கத்தில். ஆர்விட் நடுவில், நடைபாதையோரம், எழுந்து போக வசதியான இடத்தில்.

காரில் வரும்போதே அவர் பேச்சை ஒத்திகை பார்த்திருந்தார். 'க்ளோவர் லேக் மக்களே! இன்றைக்கு ஓர் உண்மையைச் சொல்ல வந்திருக்கிறேன்.' ரூடி கண்ணாடியை ஏற்றிவிட வேண்டியிருந்தது.

சிறுசிறு பரிசுகள் முடிந்தன. தோட்டக்கலைச் சங்கம், தபால்காரர் நினைவுப் பரிசு, உருள்பந்து விளையாட்டுக் குழு. ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவில் கைதட்டல். அந்தக் கூடத்தில் யாரும் எதற்கும் எழுந்து நின்று கைதட்டியதில்லை. பின்னால் இருப்பவருக்கு மறைக்குமே.

டெலூக்கா ஒலிபெருக்கியைச் சரிசெய்தார்.

"அடுத்தது அக்கம்பக்கத்தார் உதவித்தொகை." தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆர்விட்டைத் தேடிக் கண்டுபிடித்தார். "அதுக்கு முன்னாடி, நம்ம ஆர்விட் ஹௌகன் சார் வந்திருக்காரு. சார், மேடைக்கு வந்து ரெண்டு வார்த்தை பேசறீங்களா?"

ஊர் மொத்தமும் திரும்பியது. ஞானஸ்நானம் செய்துவைத்த பாதிரியார், கணக்கு சொல்லிக்கொடுத்த வாத்தியார், ஆலங்கட்டி மழையில் தலையில் கட்டுப் போட்டிருந்தவர்கள் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். ஆர்விட்டின் கழுத்திலிருந்து சிவப்பு ஏறி நெற்றிவரை போவதை ரூடி பார்த்தான்.

"அய்யோ, நானா?" என்றார் ஆர்விட். "எதுக்குங்க... வேணாம். இருக்கட்டும்."

அழகாகச் சொன்னார். அளவான சிரிப்பு, லேசாகத் தலைசாய்ப்பு, கையை நெஞ்சில் வைத்து எடுத்த விதம், எல்லாமே கச்சிதம். கூட்டத்தில் மெச்சுகிற முணுமுணுப்பு ஓடியது. நல்ல குடும்பத்துப் பிள்ளை.

"பாஸ்!" என்றான் ரூடி, பல்லைக் கடித்துக்கொண்டு.

ஆர்விட்டுக்குக் கேட்கவில்லை. அவர் முன்நாற்காலியில் கையை ஊன்றி, உடம்பைப் பாதி தூக்கி, மேடையைப் பார்த்தபடி இருந்தார். இரண்டாவது தடவைக்கு ஒரு மறுப்பு வாயில் தயாராக இருந்தது. மூன்றாவது தடவைக்குக் கால் தயாராக இருந்தது.

டெலூக்கா ஒரு கணம் தயங்கினார். ரூடி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினான். டெலூக்கா அதைப் பார்க்கவில்லை. அவர் பார்த்தது ஆர்விட்டை மட்டும்தான். இந்த ஊரிலேயே தனக்குப் புரிகிற ஒரே மனிதரை. அந்த மனிதர் தன் சோபாவில் உட்கார்ந்து தன்னிடம் சொல்லியிருந்ததை அவர் ஞாபகம் வைத்திருந்தார். ஏதோ காரணம் இருக்கும். மரியாதையோடு தலையசைத்தார்.

"சரிங்க சார்" என்றார். கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். "கோல்ட்டன் ப்ரெக்கி."

ஆர்விட் அப்படியே நின்றார். உட்காரவும் இல்லை, எழவும் இல்லை. ஊர் இன்னும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பாதியில் நிற்கும் மனிதருக்கு ஏதாவது ஒரு காரணம் வேண்டும். அவர் முழுதாக எழுந்தார். கைதட்டினார்.

யாராவது எழுந்து நிற்பதற்காகவே காத்திருந்த ப்ரெக்கி, ஆர்விட் எழுந்ததும், சொன்ன வார்த்தை தவறாமல், துள்ளி எழுந்தார். என்ன நடக்கிறது என்று அவருக்குப் புரிந்தபோது நேரம் கடந்துவிட்டது. கமிட்டி எழுந்தது. அவர்களுக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு மறைத்ததால் அவர்களும் எழுந்தார்கள். நாற்காலிகள் தரையில் கிறீச்சிட, கூடம் முழுவதும், அதன் சரித்திரத்தில் முதல் தடவையாக, எழுந்து நின்று கைதட்டியது. கோல்ட்டன் தூக்குமேடைக்குப் போகிறவனைப் போல மேடையேறினான்.

"இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்" என்றார் ஆர்விட், யாரையும் பார்க்காமல், தட்டுவதை நிறுத்தாமல். "ஒரே ஒரு தடவை."

ரூடியிடம் எத்தனையோ பதில்கள் இருந்தன. அவனும் தட்டினான்.

கதவுக்குப் பக்கத்தில் மாரென் நின்றிருந்தாள். ஆர்விட் திரும்பியபோது அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். பரவாயில்லை சார் என்பதுபோல. பிறகு மேடையின் பக்கம் திரும்பி, அம்மாவின் கைப்பையைத் தன் முழங்கையில் மாட்டிக்கொண்டு, எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினாள்.